200 குஞ்சுகளில் ஒரு குடும்பக் காடைப் பண்ணை: தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

காடை ஐந்து வாரத்தில் விற்பனை எடைக்கு வந்துவிடும் என்பதைக் கேட்டுத்தான் பலரும் இத்தொழிலுக்கு வருகிறார்கள். அந்தத் தகவல் உண்மையே. ஐந்தாம் வாரம் முடிகிற நாளில் அந்தப் பறவைகளை வாங்குவதற்கு ஆள் இருக்கிறாரா, அதற்கு மேல் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் எவ்வளவு தீவனம் செலவாகும் என்பதையெல்லாம் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. எங்கள் குடும்பம் தொடங்கிய காலத்தில் கால்நடை மருத்துவரிடம் ஒன்றும், கறிக்கடைக்காரரிடம் ஒன்றும், வங்கியில் ஒன்றுமாகக் கேட்டு அலைந்துதான் விவரங்களைத் திரட்ட வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, தமிழ்நாட்டில் வீட்டை ஒட்டிய சிறு இடத்தில் 200 குஞ்சுகளோடு தொடங்கும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. இறைச்சிக்கா, முட்டைக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். இறைச்சிக் காடை 5 வாரத்தில் 180 முதல் 220 கிராம் எடைக்கு வரும்; போட்ட பணம் ஒன்றரை மாதத்துக்குள் கைக்குத் திரும்பிவிடும். முட்டைக் காடை 6 அல்லது 7 வார வயதில் முட்டையிடத் தொடங்கி, நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு 250 முதல் 300 முட்டைகள் வரை இடும். ஆனால் அதற்கு நாள்தோறும் 16 மணி நேர வெளிச்சமும், அன்றாடம் முட்டை எடுத்துச் செல்லும் கடைகளும் வேண்டும். முட்டையின் ஓடு மெல்லியது. பெரும்பாலும் மாலை நேரத்தில் இடுவதால், பள்ளியோ வேலையோ முடிந்து வீட்டுக்கு வருபவர்கள் அதைச் சேகரித்துக்கொள்ளலாம் என்பது ஒரு வசதி.

முதல் முயற்சிக்கு இறைச்சிக் காடையே பொருத்தம் என்பது என் கருத்து. ஒரு பேட்ச், அதாவது ஒரே நாளில் இறக்கி வளர்க்கும் குஞ்சுத் தொகுதி, நட்டமானாலும் அந்த நட்டம் சிறியது. ஐந்து வாரத்தில் பாடம் முழுமையாகக் கிடைத்துவிடும். முட்டைக்குத்தான் வளர்ப்பேன் என்பவர்கள் பெட்டைகளை மட்டும் வாங்க வேண்டும். மூன்று வார வயதில் சேவலின் மார்பு இறகு செம்பழுப்பாகவும், பெட்டையின் மார்பு கரும்புள்ளிகளோடும் இருக்கும். பெட்டை என்று சொல்லிச் சேவல்களைக் கலந்து தருவது வழக்கமான ஏமாற்று என்பதால், கூண்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மார்பைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

2. குஞ்சு வாங்கும் முன் வாங்குபவரைத் தேடுங்கள்

கொட்டகைக்குக் கால் நடுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்திருக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து இருசக்கர வாகனத்தில் போய்வரக்கூடிய தொலைவுக்குள் இருக்கும் கறிக்கடைகள், பரோட்டாக் கடைகள், இரவு நேர வறுவல் கடைகள், நெடுஞ்சாலை உணவகங்கள் எல்லாவற்றுக்கும் நேரில் செல்லுங்கள். மதிய வியாபாரத்தின் நடுவே போகாமல், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போனால் உரிமையாளர் நின்று பேசுவார். அவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை காடை போகிறது? உயிரோடு வேண்டுமா, உரித்துச் சுத்தம் செய்து வேண்டுமா? இப்போது யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறார்? பணத்தை அன்றே கொடுப்பாரா, வாரக் கடைசியில் கொடுப்பாரா?

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். வாரக் கடன் என்பது ஒரே பேட்ச் வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பெரிய சுமை, ஏனெனில் அடுத்த பேட்சுக்கான தீவனத்தை ரொக்கத்துக்குத்தான் வாங்கியாக வேண்டும். வாரம் 50 பறவை எடுக்கும் ஒரு கடையை மட்டும் நம்புவதைவிட, 15, 20 என்று எடுக்கும் நான்கைந்து கடைகள் பாதுகாப்பானவை. இவர்களோடு அக்கம்பக்கத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பதிவு செய்துகொள்பவர்களும் சேர்ந்தால் விலை உங்கள் கையில் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "குஞ்சு, தீவனம், கூண்டு எல்லாம் நாங்களே தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று வரும் திட்டங்களில் சேர வேண்டாம். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் வீழ்ந்தபோது மக்கள் இழந்தது இதே வகை வாக்குறுதியை நம்பிக் கட்டிய பணத்தைத்தான். பறவையைத் தின்பவர் யார் என்று தெரியாமல், அடுத்து வளர்க்கப்போகிறவரின் முன்பணத்தில் ஓடும் தொழில் எதுவாக இருந்தாலும் அதிலிருந்து விலகி நில்லுங்கள்.

3. ஆவணங்களும் அனுமதிகளும்

காடை வளர்க்க வனத்துறை அனுமதி வேண்டுமா என்பது எல்லோருக்கும் எழும் முதல் ஐயம். நம் வயல்வெளிகளில் திரியும் காட்டுக் காடைகள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பண்ணையில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. இதற்கும் 2011-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கட்டுப்பாடு விதித்து, 2013-இல் விலக்களித்தது. பழைய செய்தியை நினைவில் வைத்து யாராவது கேள்வி கேட்கக்கூடும் என்பதால், "ஜப்பானியக் காடைக் குஞ்சு" என்று தெளிவாக எழுதிய பொரிப்பகத்தின் ரசீதை ஒவ்வொரு பேட்சுக்கும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ரசீது தராத இடத்தில் குஞ்சு வாங்காதீர்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோழிப்பண்ணை வழிகாட்டு நெறிகள் 5,000 பறவைகளுக்கு மேற்பட்ட பண்ணைகளைக் கருத்தில் கொண்டவை. உங்கள் அளவு அதற்கு மிகவும் கீழே. ஆனாலும் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, தடையில்லாச் சான்று தர முடியுமா என்று கேட்டுவிடுங்கள். சிறு பண்ணைகளுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் பக்கத்து வீட்டாரின் புகாரால்தான். எச்ச வாடை ஒரு காரணம். வளர்ந்த சேவல்கள் விட்டுவிட்டுக் கத்துவது இன்னொரு காரணம். கொட்டகை அமையும் இடத்தை அவர்களிடம் முன்கூட்டியே காட்டிப் பேசிவிடுவது நல்லது.

மின்சார விஷயத்தில் கவனம் தேவை. கிணற்று மோட்டாருக்கான இலவச வேளாண் இணைப்பிலிருந்து கொட்டகைக்குக் கம்பி இழுக்காதீர்கள். ஆய்வில் கண்டுபிடித்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். எந்தக் கட்டணப் பிரிவில் இணைப்பு எடுப்பது என்பதை உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும்படி விண்ணப்பியுங்கள்.

பறவையை உயிரோடு மட்டும் விற்கும்வரை உணவுப் பாதுகாப்புப் பதிவு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உரித்துப் பொட்டலமிட்டு விற்கவோ, முட்டை ஊறுகாய் போன்ற பொருள்களைச் செய்யவோ தொடங்கும்போது, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் சிறு வணிகருக்கான பதிவைச் செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றோடு இணையத்தில் நீங்களே விண்ணப்பித்துவிடலாம். இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

கடனைப் பொறுத்தவரை என் அறிவுரை, முதல் பேட்சைக் கைப்பணத்தில் முடித்துவிட்டு அதன் வரவு செலவுக் கணக்கோடு வங்கிக்குப் போவதுதான். உழவர் கடன் அட்டை இப்போது கால்நடை, கோழியின வளர்ப்புக்கும் கிடைக்கிறது. அது குஞ்சு, தீவனம் போன்ற நடைமுறைச் செலவுக்கானது. கொட்டகை கட்டுவதற்கு அன்று. 2 லட்சம் ரூபாய் வரையிலான இந்தக் கடனுக்கு வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதமாகக் குறையும். வேளாண்மைக்கும் அதைச் சார்ந்த தொழில்களுக்கும் 2 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. கூண்டு போன்ற தளவாடங்களுக்கு முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். ஆதார், பான் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பட்டா அல்லது குத்தகை ஒப்பந்தம், பயிற்சிச் சான்றிதழ், கூண்டுக்கான விலைப்புள்ளி, ஒரு பக்கத் திட்ட அறிக்கை ஆகியவற்றை இரண்டு படிகளாக எடுத்துச் செல்லுங்கள். பட்டா நகலை அரசின் இணையத்தளத்தில் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

4. பயிற்சியும் குஞ்சு வாங்கும் இடமும்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் காடை வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறார்கள். அங்கே பெறும் சான்றிதழ் வங்கியில் உதவும் என்பதைவிட, நோய் வந்த நாளில் தொலைபேசியில் அழைக்க ஒரு மருத்துவரின் அறிமுகம் கிடைக்கும் என்பதுதான் பெரிய பயன். நந்தனம் காடை, நாமக்கல் காடை ஆகியவை இதே பல்கலைக்கழகம் உருவாக்கியவை. உங்கள் பகுதியில் இவை எங்கே கிடைக்கும் என்பதையும் பயிற்சியிலேயே கேட்டு வையுங்கள்.

தொடக்கத்திலேயே இன்குபேட்டர் வாங்க வேண்டாம். காடை தானாக அடைகாப்பதில்லை என்பதால் இயந்திரம் இருந்தால்தான் குஞ்சு எடுக்க முடியும் என்பது சரிதான். ஆனால் பொரிக்க 17, 18 நாள்கள் ஆகும். தாய்ப்பறவைகளைத் தனியே பராமரிக்க வேண்டும். சொந்தப் பறவைகளையே மீண்டும் மீண்டும் இணை சேர்த்தால் உள்ளினக் கலப்பால் பொரிப்புத் திறனும் குஞ்சின் வலுவும் விரைவில் சரிந்துவிடும். குறைந்தது ஓராண்டு நல்ல பொரிப்பகத்தில் ஒரு நாள் குஞ்சுகளையே வாங்குங்கள்.

5. இடமும் கூண்டும்

முதல் பேட்சுக்குக் கூண்டு தேவையில்லை. ஒரு சதுர அடிக்கு 5 காடை என்ற கணக்கில் 200 காடைக்கு 40 சதுர அடி போதும். 8 அடிக்கு 5 அடி கொண்ட ஒரு மூலையில் நெல் உமியைப் பரப்பி ஆழ்கூளமாக வளர்த்துவிடலாம். தொடர்ந்து செய்வதாக முடிவெடுத்த பிறகு கூண்டுக்கு மாறுங்கள். அப்போது பொதுவான அளவு இது: முதல் இரண்டு வாரத்துக்கு 3 அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள அறையில் 100 குஞ்சுகள், அதன் பின் 4 அடி நீளம், இரண்டரை அடி அகலமுள்ள அறையில் 50 காடைகள். வாரந்தோறும் 200 குஞ்சுகள் இறக்குவதாக இருந்தால், சிறு குஞ்சுகளுக்கு 4 அறைகளும் வளர்ந்தவற்றுக்கு 12 அறைகளும் தேவைப்படும். நான்கு அடுக்குக் கூண்டுகள் நான்கில் இது அடங்கிவிடும்.

கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். பக்கச் சுவர் ஒரு அடிக்கு மேல் வேண்டாம். மீதிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். எலிக்கும் பாம்புக்கும் காடைக் குஞ்சு மிக எளிய இரை. கீற்றுக் கூரை குளிர்ச்சியானது, செலவும் குறைவு. ஆனால் அதன் கீழே சூடான பல்புகள் எரியப்போகின்றன என்பதால் கம்பி இணைப்புகளைக் குழாய்க்குள் செலுத்தி, பல்புகளைக் கூரையிலிருந்து நன்றாகத் தள்ளித் தொங்கவிடுங்கள்.

6. முதல் இரண்டு வாரம்

இத்தொழிலின் கடினமான பகுதி இதுதான். இறப்பில் பெரும்பங்கு இந்த நாள்களில்தான் நேரும். ஒரு நாள் குஞ்சு 7 முதல் 10 கிராம்தான் இருக்கும். குளிர், ஈரம், நெரிசல் ஆகிய எதையும் அதனால் தாங்க முடியாது.

குஞ்சு வருவதற்கு முந்தைய இரவே புரூடர், அதாவது குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் அடைப்பு, தயாராகி, பல்புகள் எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஓர் அடி உயரத் தகட்டையோ அட்டையையோ வட்டமாக நிறுத்தி, கீழே உமி பரப்பி, அதன் மேல் சாக்கோ நெளிவுள்ள அட்டையோ விரியுங்கள். செய்தித்தாளை விரிக்கக் கூடாது. வழுக்கும் தரையில் நிற்கப் பார்த்துக் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் விரிந்துவிடும், அப்படி விரிந்த கால் பெரும்பாலும் சரியாவதில்லை.

முதல் வாரத்தில் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 37 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். கடையில் பல்பு கேட்டால் எல்.இ.டி.யைத்தான் எடுத்துத் தருவார்கள். அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய இழைப் பல்புகளையோ புரூடருக்கென்றே விற்கும் வெப்ப விளக்குகளையோ தேடி வாங்குங்கள். வெப்பமானி இருந்தாலும் குஞ்சைப் பார்த்தே முடிவெடுங்கள். விளக்கின் கீழ் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்தால் குளிர்கிறது. ஓரங்களில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்து தின்றால் சரியான அளவில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கும் விடியற்காலையிலும் ஒருவர் எழுந்து பார்க்க வேண்டும் என்பதைக் குடும்பத்துக்குள் முன்பே பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இல்லையென்றால் கரி அடுப்பு உதவும். ஆனால் அறையை முழுக்க மூடிவிட்டுக் கரி எரித்தால் நச்சுப்புகை குஞ்சுகளையும் உள்ளே இருப்பவரையும் கொன்றுவிடும். குளிரைத் தடுக்கக் கம்பிவலையில் கட்டும் படுதாவின் மேல்பகுதியில் காற்று வெளியேற எப்போதும் இடம் விடுங்கள்.

குடிநீர்த் தட்டு மிக ஆழமற்றதாக இருக்க வேண்டும். அதில் கூழாங்கற்களையோ கோலிக்குண்டுகளையோ நிரப்பி, கற்களுக்கிடையே மட்டும் நீர் நிற்கும்படி செய்யுங்கள். இல்லையென்றால் குஞ்சுகள் அதிலேயே விழுந்து இறக்கும். நனைந்த குஞ்சைத் துடைத்து உடனே சூட்டில் விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

7. தீவனம்

முதல் மூன்று வாரம் காடைக்குக் கோழிக்குஞ்சைவிடக் கூடுதலான புரதம், அதாவது 27 சதவீதம் அளவுக்குத் தேவை. அதன் பிறகு 24 சதவீதம் போதும். காடைக்கென்றே தயாரித்த தீவனம் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கறிக்கோழிக் குஞ்சுகளுக்கான பிராய்லர் ஸ்டார்ட்டர் தீவனம் 75 கிலோவுக்கு 5 கிலோ புண்ணாக்கு கலந்து கொடுப்பது நடைமுறையில் உள்ள வழி. குருணை பெரிதாக இருந்தால் முதல் வாரம் மட்டும் பொடித்துக் கொடுங்கள்.

ஐந்து வாரத்துக்குள் ஒரு காடை ஏறக்குறைய அரை கிலோ தீவனம் தின்னும். தட்டை விளிம்புவரை நிரப்பினால் காலால் சீய்த்துக் கொட்டிவிடும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஈரப்பட்ட மூட்டையையும் பூஞ்சை வாடை அடிக்கும் மக்காச்சோளத்தையும் "கொஞ்சம்தானே" என்று கலந்துவிடாதீர்கள். இளங்குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை நோய் இப்படித்தான் வருகிறது.

8. நோய்

காடைக்கு வழக்கமாகத் தடுப்பூசி போடுவதில்லை. அதனால் நோயே வராது என்று எண்ணிவிடக் கூடாது. இரத்தக் கழிச்சலும் குடற்புண் நோயும் ஈரமான கூளத்திலிருந்து வரும், பறவைக் காய்ச்சல் காடையையும் தாக்கும். கோழிகளோடு சேர்த்து வளர்க்காதீர்கள். கறிக்கடைக்குப் போய்வந்த செருப்போடும் திரும்பக் கொண்டுவந்த காலிக் கூடையோடும் கொட்டகைக்குள் நுழையாதீர்கள். ஒரே நாளில் வழக்கத்துக்கு மாறாகப் பல பறவைகள் இறந்தால், மருந்துக் கடைக்குப் போகாமல், இறந்த பறவையையே கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

9. ஒரு பேட்சின் கணக்கு

விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கீழே உள்ள விலைகள் கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் பொருத்தி மீண்டும் போட்டுப் பாருங்கள்.

குஞ்சு ஒன்று 10 ரூபாய் வீதம் 200 குஞ்சுக்கு 2,000 ரூபாய். பத்தில் ஒன்று இறந்து 180 மிஞ்சும் என்று வையுங்கள். சிந்துவதையும் சேர்த்து 100 கிலோ தீவனம், கிலோ 45 ரூபாய் வீதம் 4,500 ரூபாய். மின்சாரம், உமி, போக்குவரத்து, மருந்து ஆகியவற்றுக்கு 700 ரூபாய். மொத்தம் 7,200 ரூபாய். விற்கும் பறவை ஒன்றுக்கு 40 ரூபாய் அடக்கம். எல்லாவற்றையும் மொத்த வியாபாரியிடம் உயிரோடு 45 ரூபாய்க்குக் கொடுத்தால் 8,100 ரூபாய் வரும். மிச்சம் 900 ரூபாய். அவற்றில் 100 பறவைகளை உரித்து 65 ரூபாய்க்கு நேரடியாக விற்று, மீதி 80 பறவைகளை மட்டும் மொத்தத்துக்குக் கொடுத்தால் வரவு 10,100 ரூபாய். மிச்சம் 2,900 ரூபாய். இதில் குடும்பத்தாரின் உழைப்புக்குக் கூலி சேர்க்கவில்லை என்பதை மறக்காதீர்கள்.

இப்போது விற்பனை ஒரு வாரம் தள்ளிப்போவதாக வைத்துப் பாருங்கள். வளர்ந்த காடை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் தின்னும். 180 பறவைகள் 7 நாளில் 31 கிலோவுக்கு மேல் தின்றால் அது 1,400 ரூபாய். கடைக்காரர் காடையை எண்ணிக்கைக் கணக்கில் வாங்குவதால், கூடிய எடைக்கு அவர் கூடுதலாக எதுவும் தருவதில்லை. மொத்த விற்பனையில் மிஞ்சிய 900 ரூபாயும் போய், கையிலிருந்து 500 ரூபாய் போட வேண்டிவரும். வாங்குபவரைத் தேடுவது பற்றிய இரண்டாம் பகுதியை அவ்வளவு நீளமாக எழுதியதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

10. குஞ்சு இறக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

எந்த நாளில் விற்க வேண்டுமோ, அதிலிருந்து 35 நாள் பின்னோக்கி எண்ணி வரும் நாளே குஞ்சு இறக்க வேண்டிய நாள். புரட்டாசி மாதம் செப்டம்பர் 17 வாக்கில் தொடங்கி அக்டோபர் 17 வாக்கில் முடிகிறது. அம்மாதம் முழுக்கப் பல வீடுகளில் அசைவம் சமைப்பதில்லை. எனவே ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் இரண்டாம் வாரம்வரை குஞ்சு இறக்காதீர்கள். அந்த இடைவெளியில் கொட்டகையைக் காலிசெய்து, கூளத்தை அள்ளி மட்கக் குவித்து, சுண்ணாம்பு அடித்துக் காயவிடலாம். செப்டம்பர் இரண்டாம் வாரம் கடந்து இறக்கும் குஞ்சுகள் புரட்டாசி முடிந்த வாரத்திலும் தீபாவளியையொட்டியும் விலைக்கு வரும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுபவர்கள் மிகுந்த ஊராக இருந்தால் அப்போதும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆடிப் பண்டிகை நாள்களுக்கும் ஊர்க் கோயில் திருவிழாவின் மறுநாளுக்கும் கடைக்காரர்கள் கூடுதலாகக் கேட்பார்கள். அந்தத் தேதிகளை முன்கூட்டியே கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

முதல் இரண்டு பேட்சுகளை ஒன்று முடிந்த பின் ஒன்றாக வளர்த்து, ஒவ்வொரு நாளும் இறந்தவை, தின்ற தீவனம், விற்ற எண்ணிக்கை, வாங்கிய கடையின் பெயர், வரவேண்டிய பாக்கி ஆகிய ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இறப்பு பத்தில் ஒன்றைத் தாண்டாமலும், 38-ஆம் நாளுக்குள் கொட்டகை காலியாகியும் இருந்தால், மூன்றாவது பேட்சிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 200 குஞ்சுகள் இறக்கலாம். கடைகள் தொடர்ந்து கேட்கத் தொடங்கிய பிறகே வாரம் ஒரு முறைக்கு மாறி, கூண்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.